மெர்னாவின் பென்சிலும் எங்கள் பேஸ்பால் அணியும்

கார்வின், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 14

அன்புத் தங்கை லியோனாவுக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சோளம் ஆள் உயரம் தாண்டிவிட்டது. குறை என்று சொன்னால் ஒன்றுதான்: கோடை விடுமுறைக்கு நீ அனுப்பிவைத்த உன் மகள்.

புள்ளியியல் படிக்கிறாளே, நம் அணியின் ஆட்டக் குறிப்பை எழுதட்டும் என்று மெர்னாவிடம் நோட்டைக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் வந்து, "மாமா, கஸ் பெட்ராக் அடிக்கிறதெல்லாம் அதிர்ஷ்டம். பந்து நொண்டிக்கிட்டே போய் ஆளில்லாத இடமாப் பார்த்து விழுது. ஆர்வில்தான் ஓங்கி அடிக்கிறான். அது நேரா எவன் கையிலயாவது போய் உக்காந்துக்குது, பாவம்" என்கிறாள். கஸ் அந்த மூன்று வாரமும் பத்து முறை ஆடினால் நாலு முறை அடித்தவன், உணவகத்தில் அவனுக்கு மட்டும் காப்பி இலவசம். ஆர்வில் பத்துக்கு இரண்டுகூடத் தேறாமல், ஆட்டத்தை விட்டுவிட்டுப் பன்றிப் பண்ணைக்கே போகிறேன் என்று நின்றவன். "பத்தொன்பது வருஷமா அணியை நடத்துறேன், எனக்குக் கண்ணு இருக்கு" என்றேன். "இருக்கு மாமா. விழுந்த பந்து மட்டும்தான் அதுல தெரியுது" என்றாள். வாய் அப்படியே உன்னுடையது!

தொல்லை பொறுக்காமல் ஆர்விலை மூன்றாவதாகவும் கஸ்ஸை எட்டாவதாகவும் ஆட இறக்கினேன். முடிவெட்டும் ராய் பாதித் தலையில் கத்தரியை நிறுத்தி, "கஸ்ஸை எதுக்குய்யா கீழ தள்ளுன? சொல்லு, மீதியை வெட்டுறேன்" என்றான். தொப்பியோடு வீடு வந்தேன்.

ஆனால் அடுத்த மூன்று வாரமும் கஸ்ஸின் பந்துகள் கையில் அகப்பட்டன, ஆர்விலின் பந்துகள் வேலி தாண்டின. ஞாயிற்றுக்கிழமை கோப்பையும் வந்தது. எல்லாரும் ஆர்விலைத் தோளில் தூக்கிப் போனபிறகு, கஸ் மெர்னாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்குத் திறமையே இல்லையாம்மா?"

"இருக்கு கஸ். ஊர் புகழ்ந்த அளவுக்கு இல்ல. இப்போ திட்டுற அளவுக்கு மோசமும் இல்ல."

பல நாளுக்குப் பிறகு அவன் சிரித்தான் லியோனா. ஆகவே சரணடைந்துவிட்டேன், இனி என் கண்ணைவிட அவள் பென்சிலைத்தான் நம்புவேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லா நன்மையும் நிறையட்டும்.

உன் அண்ணன்,
ஹார்லன்

பி.கு.: பிழை பார்க்கச் சொல்லி இதை மெர்னாவிடம் கொடுத்தேன். "என்ன மாமா இது! மூணு வாரத்தை வச்சு கஸ்ஸை நம்புனீங்க, இப்போ இன்னொரு மூணு வாரத்தை வச்சு என்னை நம்புறீங்க. நான் சொன்னது பலிச்சதும் அதிர்ஷ்டமா இருக்கலாமே" என்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதையும் நம்பாதே. உறுதியாகச் சொல்ல இன்னும் இருநூறு ஆட்டமாவது பார்க்க வேண்டுமாம். எனக்கு வயது அறுபத்தெட்டு.