அலுமினியம் அங்கிளின் உலகப் போர்

இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டது என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் பெங்களூரு ஜோகுபாளையத்தில் இருக்கிறார். மூன்று வருடம் அவர் வீட்டு மாடியில் தங்கியிருந்தவன் என்கிற உரிமையில் இதை அடித்துச் சொல்வேன்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்யும். அவர் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த எங்களுக்கு அவர் அலுமினியம் அங்கிள். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் வாக்கிங் போக ஆரம்பிக்கிற வயதில் இவர் போர்க்காலப் புகைப்படங்களைத் தேட ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவைத்திருக்கும் பழைய படங்கள். அவற்றை அடுகோடியில் ஒரு பட்டறையில் கொடுத்து, அலுமினியத் தகட்டில் அச்சடித்து வாங்கிவந்து சுவரில் மாட்டுவார். கண்ணாடி கிடையாது, சட்டம் கிடையாது. தகடுதான் படம்.

"பேப்பர்ல போட்டா பூசணம் புடிக்கும். கண்ணாடி போட்டா உன் மூஞ்சிதான் தெரியும். இதுன்னா ஈரத்துணி வெச்சுத் தொடச்சிட்டுப் போயிட்டே இருக்கலாம்பா" என்பார்.

சமையலறையில்கூட ஒன்று இருந்தது. முகாமில் சிப்பாய்கள் நாலு பேர் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிற படம். பன்னிரண்டு பேருக்குச் சமைக்கும் அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, தாளிப்பு தெறித்த தகட்டைத் துடைத்தபடி சொல்வார்: "சுவத்துல நாலு பேர் உரிக்கிறானுங்க. கீழ நான் ஒருத்திதான் உரிக்கிறேன்."

தளபதி, கொடி, வெற்றி ஊர்வலம் எதற்கும் அந்த வீட்டில் அனுமதி இல்லை. முடிவெட்டுகிறவர், கடிதம் படிக்கிறவர், தூங்குகிறவர் மட்டும்தான். அறைக்கு ஒரு படம். அறைக்கு அதுவே பெயர். என் அறையில் மூட்டை சுமக்கும் கோவேறு கழுதை. அங்கிள் வாசல் பலகையில் அப்படியே எழுதியும் வைத்துவிட்டதால், ராத்திரி போனில் ஆர்டர் செய்த சாப்பாட்டைக் கொண்டுவருகிறவர் தெருவில் நின்று கன்னடத்தில் கூவுவார்: "கத்தெ ரூம் யாரு சார்?" மூன்று வருடம் அந்தத் தெருவுக்கு நான் கழுதைதான்.

"உங்க அப்பா மிலிட்டரியா அங்கிள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லப்பா, டைலர்."

"அப்ப எதுக்கு இதெல்லாம்?"

"படத்துல இருக்கறவன் என்னப் பாக்கறான். நான் திரும்பிப் பாக்க வேணாமா?"



ஒருமுறை பெரிய தகடு ஒன்றை வாங்கிவர என் பைக்கில் அடுகோடிக்குப் போனோம். பர்மா எல்லையில், ஒரு மலைச்சரிவில், அடிபட்ட ஒருவரை நாலு பேர் டோலியில் வைத்துத் தூக்கிப் போகிற படம். ஓரத்தில் முதுகில் எதையோ சுமந்தபடி மங்கலாக ஓர் உருவம். பட்டறைக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைப் பளிச்சென்று ஆக்கியிருந்தார். ஓரத்து உருவம் இருந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருந்தது.

"இன்னாப்பா, ஒரு ஆளக் காணோம்?"

"டிஸ்டர்பன்ஸா இருந்துச்சு சார், எடுத்துட்டேன்."

"டிஸ்டர்பன்ஸா! அவன் வயர்லெஸ் செட்டுத் தூக்கற சிக்னல்காரன்பா. குண்டு விழற எடத்துல உன் போட்டோவுக்கு ஆடாம நிப்பானா?"

மறுபடி அச்சடித்துத் தரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வேறு வழியில்லை. மங்கலான ஒரு மனிதரை மீட்பதற்காக அரை நாள் லீவு போட்ட மென்பொருள் ஊழியன், இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த டோலிப் படம்தான் என்னை வம்பில் மாட்டியது. எங்கள் அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, சுவருக்கு வித்தியாசமாக ஏதாவது வேண்டும் என்றார் மேனேஜர். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அங்கிளைச் சொன்னேன். மறுநாளே அவர் இஸ்திரி போட்ட சட்டையில், தகட்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மேனேஜருக்குப் படம் பிடித்துப்போயிற்று. "சூப்பர் அங்கிள்! கீழ 'டீம்வொர்க்'னு பெரிசா போட்டுடலாமா?"

அங்கிள் படத்தைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார்.

"தூக்கறவங்க நாலு பேரு மேடம். மேல படுத்திருக்கறவன் அஞ்சாவது. அவனையும் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க."

எனக்குச் சம்பள உயர்வு முடிவாகிற மாதம் அது. மேனேஜர் சிரிக்காமல், "நாங்க யோசிச்சு சொல்றோம்" என்றார். லிஃப்டில் நான் வெடித்தேன்.

"ஒரு வார்த்த சரின்னு சொல்லியிருக்கக் கூடாதா அங்கிள்? என் வேலையே போயிடும்போல!"

"போனா போவுது. நம்ம வூட்ல இரு. ஆன்ட்டி சோறு போடுவா."

வாசலில் ஜான் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், மணிப்பூர் மலைப்பக்கத்துக்காரர், எங்கள் செக்யூரிட்டி. கட்டடத்தை விட்டு எந்தப் பொருள் வெளியே போனாலும் பிரித்துப் பார்த்துப் பதிவு செய்வது அவர் வேலை. போர்வையை விலக்கியவர் பேனாவை மூடிவிட்டார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க பக்கத்து மலை" என்றார் இந்தியில்.

அங்கிளுக்கு உற்சாகம் பொங்கியது. தனக்குத் தெரிந்த பெங்களூரு இந்தியில் விளக்க ஆரம்பித்தார். ஓரத்து உருவத்தைக் காட்டி, "ஏ வயர்லெஸ்வாலா" என்றார்.

ஜான் இல்லையென்று தலையை ஆட்டினார். "சிப்பாயே இல்ல சார். நெத்தியில பட்டை தெரியுதா? அதுல கூடை தொங்குது. எங்க ஊர் ஆளு. என் தாத்தாகூட இப்படித்தான் அரிசி சுமந்தாரு, காயம்பட்டவங்களுக்கு வழி காட்டினாரு. அவங்க சண்டைக்குப் போகல சார். சண்டைதான் அவங்க ஊருக்கு வந்துச்சு."

அங்கிள் குனிந்து அந்தப் பட்டையைத் தேடிப் பார்த்தார். எங்களுக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார்.

"ஸ்வல்பா இருப்பா" என்று அவரை நிறுத்திவைத்துவிட்டு, ஜான் இழுத்துப்போட்ட நாற்காலியில் அங்கிள் உட்கார்ந்தார். பேசவில்லை, கேட்டார். என்ன சாப்பிட்டார்கள், எங்கே ஒளிந்தார்கள், திரும்பி வந்தபோது வீடுகள் இருந்தனவா? இல்லை, எரிந்திருந்தன என்றார் ஜான். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில், "தாத்தா பேரைக் கீழே போடுவீங்களா?" என்று ஜான் தயங்கிக் கேட்டார்.

"இது அவர்தான்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப போடக்கூடாது. ஞாயித்துக்கிழம சாப்பிட வாங்க. அவரப் பத்தி முழுசா சொல்லுங்க, தனியா எழுதி மாட்றேன்."

எங்கள் அலுவலகம் பனிமலைப் படம் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டது. என் சம்பளம் வழக்கம்போல் சுமாராக உயர்ந்தது. அங்கிள் மட்டும் நிம்மதியாக இல்லை. படத்தைப் பார்த்த அத்தனை பேரிடமும் வயர்லெஸ்காரன் என்று தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதும், வீட்டைக் காலிசெய்து போனவர்கள் உட்பட, அந்தப் படத்தைப் பார்த்த அத்தனை பேரின் பெயர்களையும் எழுதி, ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்தார்.

"ஐயோ அங்கிள், அந்த பக்கெட்ட நான் எடுத்துட்டுப் போகல!" என்று ஒருவர் பதறியது ஸ்பீக்கரில் கேட்டது.

"பக்கெட்ட வுடுப்பா. வயர்லெஸ் செட் இல்ல, கூடை. அத எழுதிக்க."

சாயங்காலம் என் போன் அடித்தது. கீழே கூடத்திலிருந்து அவர்தான். குரல் போனிலும் வந்தது, படிக்கட்டு வழியாகவும் வந்தது.

"தம்பி, உங்கிட்ட நான் ஒரு தப்பான தகவல் சொல்லிட்டேன்."

"அங்கிள், நான் உங்க பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன்!"

"லிஸ்ட்ல உன் பேரும் இருக்கு. கேளு."

முதலிலிருந்து சொன்னார், ஒன்று விடாமல். அப்பா கூப்பிட்டாலே 'அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறவன் நான். அன்று அவர் சொல்லி முடிக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்து 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன்.