அக்கரையில் சொதி, இக்கரையில் சோறு

வானிலை எச்சரிக்கையை நம்பாமல் நனைந்தவர்கள் ஏராளம். நம்பியதால் அவமானப்பட்டவன், எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் ஒருவன்தான். கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த எண்ணிக்கையையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் என் மகள் கோமதிக்குக் கல்யாணம் நடந்தது. (ஐப்பசியில் மழை வரும் என்று எனக்கு அப்போதே தெரியும். நாள் குறித்துக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை.) திருநெல்வேலி மண்டபத்தில் எல்லாம் நன்றாகவே முடிந்தது, ஒன்றைத் தவிர. பந்தியில் மாப்பிள்ளையின் தாயாருக்குப் பாயசம் வரவில்லை. சம்பந்தியம்மாள் கோபப்படவில்லை. "பரவால்ல அண்ணாச்சி, இந்த வயசுல நமக்கு எதுக்குப் பாயசம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

ஆகவே இனி எல்லாம் மறுவீட்டு விருந்தை நம்பி இருந்தது. எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி போட வேண்டும். தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டு வைக்கும் அந்தக் குழம்பு அமைந்துவிட்டால், விட்டுப்போன பாயசம் போன்றவை மன்னிக்கப்படும். அமையாவிட்டால் பெண் போன இடத்தில் காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"சொதி மட்டும் ஒழுங்கா அமைஞ்சுட்டுன்னா போதும். பிள்ள நிம்மதியா இருப்பா" என்றாள் என் மனைவி. பாயசத்தை இந்த முறை இரண்டு பாத்திரத்தில் வைக்கச் சொன்னாள்.

விருந்து எங்கள் வீட்டில்தான். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரைத் தெரு. வாசலில் பந்தல். சம்பந்தி வீட்டார் அறுபத்தெட்டு பேர். தேங்காய் எண்பத்திரண்டு, அதில் அழுகல் மூன்று.

கல்யாணத்தன்று சாயங்காலம் செல்போனில் எச்சரிக்கை வந்தது. மஞ்சள் வந்தால் நான் குடை எடுப்பேன். ஆரஞ்சு வந்தால் மாடியில் காயும் துணியை எடுப்பேன். அன்று வந்தது சிவப்பு. எதை எடுப்பதென்று தெரியவில்லை. வீட்டின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி முதல் வரியை வாசித்தேன்: மாவட்டத்தில் அதி கனமழை பெய்ய வாய்ப்பு. கீழே இன்னும் ஐந்து வரிகள் இருந்தன. சிவப்பே சொல்லிவிட்ட பிறகு கறுப்பு எழுத்து என்ன சொல்லிவிடப் போகிறது என்று, செய்தியை அறுபத்தெட்டு பேருக்கும் அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு முடிவெடுத்தேன். ஆற்றங்கரையில் பந்தல் நிற்காது. விருந்து என் மைத்துனன் சண்முகத்தின் வீட்டில் நடக்கட்டும். அவன் வீடு அக்கரையில், மேட்டில், கான்கிரீட் கூரையோடு இருந்தது. நடுவில் ஒரு தரைப்பாலம், அவ்வளவுதான்.

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. என்னத்துக்கு இந்தக் கோட்டித்தனம்?" என்றாள் மனைவி.

"மேகம் வந்த பெறவு சொல்லுததுக்கு நீ இருக்க. வராம இருக்கும்போதே சொல்லுததுக்குத்தான் அரசாங்கம் இருக்கு" என்றேன். (அன்று நான் சொன்னவற்றில் இது ஒன்றுதான் சரி.)

எங்கள் சமையற்காரரைத் தவசிப்பிள்ளை என்போம். அவர் தன் நிபந்தனையை மட்டும் சொன்னார். "சொதியில கெட்டியான தலைப்பால் ஊத்துன பெறவு கொதிக்கப்படாது அண்ணாச்சி. திரிஞ்சுரும். எந்த இடம்னு ஒரு தடவ சொல்லுங்க, ரெண்டாந்தடவ சொல்லாதீங்க."

சண்முகம் வீட்டில் எல்லாவற்றுக்கும் அடுப்புப் பத்தாது. ஆபத்தைப் பிரித்து வைப்பது தணிக்கைக்காரன் பழக்கம். சொதி, இஞ்சிப் பச்சடி, பாயசம் மூன்றும் அக்கரையில் தயாராகட்டும். சோறு, அப்பளம், இலை மூன்றும் இக்கரையில் இருக்கட்டும். சம்பந்திகளோடு சூடாகச் சோறும் வேனில் வந்து சேரட்டும் என்று ஏற்பாடு செய்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று. கணக்கு சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் வெயில் அடித்தது. சுமாரான வெயில் இல்லை, வடகம் காயப் போடுகிற வெயில். எங்கள் வீட்டுக்கு வந்து ஆரத்தி முடிந்து அக்கரைக்குப் புறப்பட்ட சம்பந்திகளுக்கு, வீட்டிலிருந்த பதினொரு குடைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு பத்தையும் பிடிவாதமாகக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா குடையை விரித்து மேலும் கீழும் பார்த்தார். "மழ எங்கன வே பெய்யுது?" என்றார்.

மழை பெய்யத்தான் செய்திருந்தது, மாஞ்சோலையில். அதுவும் எங்கள் மாவட்டம்தான். இரவெல்லாம் மலையில் கொட்டிய தண்ணீருக்கு அணையில் இடம் போதாமல் ஆற்றில் திறந்துவிட்டிருந்தார்கள்.

நாங்கள் போனபோது தரைப்பாலம் இல்லை. பாலம் இருந்த இடத்தில் டீ நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கயிறு கட்டிவிட்டு ஒரு போலீஸ்காரர் நின்றார்.

"போவப்படாது அண்ணாச்சி."

"மழையே இல்லையேப்பா."

"மழைக்கு இல்ல. தண்ணிக்கு."

எதிர்க்கரையில் சண்முகம் துண்டை வீசிக் காட்டினான். பிறகு போனில் கூப்பிட்டான். "அத்தான், தலைப்பால் ஊத்தி எறக்கியாச்சு. எலுமிச்சம்பழமும் பிழிஞ்சாச்சு. எங்கன நிக்கீங்க?"

"உனக்கு எதுத்தாப்லதாம்லே நிக்கேன்."

"ஆமா, தெரியுது. வெயிலுக்குக் குடை பிடிச்சிருக்கது நீங்கதானா?"

பெரிய பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம். ஆனால் இரு கரையிலும் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் அதே யோசனை வந்திருந்தது. அந்தச் சாலையில் வண்டிகள் நகரவில்லை. கோமதியும் மாப்பிள்ளையும் சாயங்கால ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

மாப்பிள்ளை போனை எடுத்தார். அதிகம் பேசாத பிள்ளை. "மாமா, நேத்து நீங்க அனுப்புன செய்திதான். கடைசி வரிய வாசிக்கட்டுமா?"

"வேண்டாம் மாப்ள."

வாசித்தார். அணைகளிலிருந்து நீர் திறக்கப்படலாம், தரைப்பாலங்கள் மூழ்கக்கூடும், அவற்றைக் கடப்பதைத் தவிர்க்கவும் என்று இருந்தது. "நாங்க எல்லாரும் வாசிச்சோம் மாமா. நீங்களே அனுப்பியிருக்கீங்க, வேற வழி யோசிச்சு வச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்."

வேனைத் திருப்பினோம். நான் பிழைக்காது என்று கைவிட்ட பந்தல் எங்கள் வாசலில் காய்ந்துபோய் நின்றது. வெள்ளம் கடைசி வரை எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. மனைவி அக்கம்பக்கத்தில் மோர் வாங்கப் போனாள். அறுபத்தெட்டு இலை போட்டோம். சோறு, மோர், அப்பளம், மாங்காய் ஊறுகாய். சம்பந்தியம்மாள் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து சண்முகம் மறுபடி கூப்பிட்டான். அதே எச்சரிக்கையைக் கடைசி வரி வரை வாசித்த அதிகாரிகள், அக்கரையில் தாழ்வான தெருக்களின் ஜனங்களைக் காலையிலேயே பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து தங்கவைத்திருந்தார்கள். "சோறு பொங்கிட்டாங்களாம் அத்தான். கொழம்புதான் இன்னும் வந்து சேரலையாம். சின்னப் பிள்ளைக வெறுஞ்சோத்தத் திங்குது. சொதியும் இனி சாயந்தரம் வரைக்கும் தாங்காது. குடுத்துரட்டுமா?"

மறுவீட்டுச் சொதி சம்பந்திகளுக்கு உரியது. அவர்களைக் கேட்காமல் கொடுக்க முடியாது. போனை அப்படியே சம்பந்தியம்மாளிடம் நீட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"குடுங்க தம்பி. பச்சடியும் சேத்துக் குடுங்க." இலையில் அப்பளத்தை ஓரமாக நகர்த்தினார். "ஒண்ணு கேக்கேன். பாயசம் வச்சிருக்கா?"

"ரெண்டு பாத்திரம் இருக்குக்கா."

"அப்ப இன்னைக்கும் எனக்குப் பாயசம் இல்ல. அதையும் குடுத்துருங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் மோர் ஊத்துங்க அண்ணாச்சி" என்றார். இந்த முறை பற்கள் தெரிந்தன. நான் எண்ணவில்லை. கோமதி தலை நிமிர்ந்து ஓர் அப்பளத்தை நொறுக்கினாள்.

இப்போது எந்த நிறத்தில் எச்சரிக்கை வந்தாலும் கடைசி வரியிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறேன். அதனால் பலன் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை போன் செய்தால் முதலில் கேட்பது, "இன்னைக்கு என்ன கலர் மாமா?" என்பதுதான். சம்பந்தியம்மாள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு தூக்குவாளி நிறையச் சொதி கொண்டுவருகிறார். போன பங்குனியிலும் கொண்டுவந்தார். ஆற்றில் கணுக்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. வாளியை மேசைமேல் வைத்துவிட்டு, அன்று போலவே நிதானமாகக் கேட்டார்.

"சோறு இந்தக் கரையிலதான இருக்கு அண்ணாச்சி?"