கரடி உள்ளி நடப் போன கதை

பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருவனுக்கு, பாரிசில் எங்கள் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பொருள் ஆலோசனை. கறிவேப்பிலைக்குக்கூட இப்போது காசு வாங்குகிறார்கள். ஆலோசனைக்கு வாங்குவதில்லை.

நேர்முகத்துக்கு எப்போது கூப்பிடுவார்களோ என்று நான் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த காலம் அது. நான் வேலை செய்த மரக்கறிக் கடைக்கு வருகிறவர்கள் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்தபடியே ஒரு புத்திமதியையும் சொல்லிவிட்டுப் போவார்கள். பிரெஞ்சு அரசர்களின் பெயரை வரிசையாகப் பாடமாக்கு என்றார் ஒருவர். மீசையைக் குறை என்றார் இன்னொருவர். (குறைத்தேன். என் மனைவி வசந்தி என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்ததுதான் மிச்சம்.) கடைசியில் முதலாளி ராசன் அண்ணைதான் உருப்படியாக ஒன்று சொன்னார்.

"தம்பி குணம், நீ உவையளோடை கலந்து வாழுறாய் எண்டு காட்ட வேணும். ஏதாவது பிரெஞ்ச் அசோசியாசியோனிலை சேர். எங்கடை ஊர்ச் சங்கத்தைச் சொல்லிப் பிரியோசனமில்லை."

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் மொனிக் என்று ஓர் அம்மா இருந்தார். மருந்தகம் நடத்தி ஓய்வு பெற்றவர். பாரிசுக்கு வடக்கே உள்ள ஒரு காட்டில் அழிந்துகொண்டு வரும் செடிகளைத் திரும்ப நடுகிற சிறிய சங்கம் ஒன்றுக்கு அவர்தான் தலைவி. லிஃப்டுக்குள் வைத்து, "மதாம், எனக்குக் காடு என்றால் உயிர்" என்றேன். நான் அதுவரை கண்ட மரங்கள் லாச்சப்பல் மெத்ரோப் பாலத்தடியில் நிற்பவை மட்டும்தான். அந்த அம்மா நம்பிவிட்டார்.

அவர்கள் நட இருந்த செடியின் பெயருக்குப் பிரெஞ்சில் 'கரடியின் உள்ளி' என்று பொருள். (பூண்டைத்தான் நாங்கள் உள்ளி என்போம்.) வசந்த காலத்தில் மரநிழலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் காடு முழுக்க மணக்குமாம். இலையைச் சமைத்தால் ருசி என்று நகரத்தில் செய்தி பரவ, ஞாயிற்றுக்கிழமைகளில் பையோடு வந்தவர்கள் இலையைக் கிள்ளாமல் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அமெரிக்கக் காடுகளில் ஜின்செங் வேருக்கும் இதே கதிதான் என்றார் மொனிக். அதையும் இப்படித்தான் திரும்ப நட்டுக் காப்பாற்றப் பார்க்கிறார்களாம். மிஞ்சியிருந்த பூக்களிலிருந்து விதை எடுத்து, ஒரு நாற்றுப்பண்ணையில் கொடுத்து, பல வருடம் காத்திருந்து அவர் கிழங்கு ஆக்கியிருந்தார். பிள்ளை வளர்த்த கதை சொல்வதுபோல அதைச் சொன்னார்.

சனிக்கிழமை நடவு. வியாழக்கிழமையே கிழங்குகள் வந்துவிட்டன. இரண்டு நாள் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும், தன் ஃப்ரிகோவில் இடம் போதாது என்று கூட்டத்தில் அவர் கவலைப்பட்டபோது, என் கை தானாக மேலே போனது. "எங்கள் கடையில் குளிர் அறை இருக்கிறது, மதாம். என் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும்." எல்லோரும் கைதட்டினார்கள். (கைதட்டல் எனக்கு எப்போதும் ஒத்துக்கொள்வதில்லை.)

மூடி ஆணியடித்து வந்த பெட்டியைக் குளிர் அறையின் மூலையில் வைத்து, மேலே ஒரு சாக்கையும் போட்டேன். ராசன் அண்ணையிடம் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை.

சனிக்கிழமை விடியப் போய், சாக்கு மூடியிருந்த அதே பெட்டியைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினேன். காட்டு வாசலில் சங்கத்தார் நின்றார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். புதுச் சப்பாத்து, புதுக் கையுறை. யாரும் கரடி உள்ளியின் கிழங்கை முன்பின் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான். காட்டிலாகா அதிகாரியை அழைத்து வரப் போன மொனிக் போனில் சொன்னார்: "நான் வரச் சுணங்கும், குணம். நீங்களே தொடங்குங்கள். நீங்கள்தான் பொறுப்பு."

பொறுப்பு! மீசை இருந்த இடத்தைத் தடவினேன். சாக்கை விலக்கினேன். மூடி ஆணியில்லாமல் சும்மா கிடந்தது. அது எனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை. உள்ளே சிவப்பாக, உருண்டையாக, பளபளவென்று கிழங்குகள்.

"இதுதான் கரடி உள்ளி!" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மா, முன்னாள் ஆசிரியை, அதை வாங்கிப் பார்த்தார். "மிஸ்யே குணம், இது வெங்காயம் போல இருக்கிறதே?"

"ஒரே குடும்பம், மதாம்," என்றேன் பெருந்தன்மையாக.

நடுவது எப்படி என்றும் காட்டினேன். எங்கள் ஊரில் வெங்காயம் செய்யாத வீடு இல்லை. விரலால் குழி, நுனி மேலே, ஒரு அமுக்கு, அடுத்தது. என் வேகத்தைப் பார்த்து அவர்கள் என்னைச் சுற்றிக் கூடினார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். வெங்காயம் நடுவது போலவே நட்டேன். வெங்காயத்தைத்தான் நடுகிறேன் என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது, தலைக்குத்தான் தெரியவில்லை.

பெட்டி முக்கால்வாசி காலியானபோது வசந்தி போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை கரடி உள்ளி என்ன நிறம்?"

"சிவப்பு. ஏன்?"

"பொண்டியிலை இருக்கிற எங்கடை தவமணி அக்கா போன் எடுத்தவ. நேற்று கடையிலை ராசன் அண்ணை அவவுக்கு ஒரு பெட்டி வெள்ளை வெங்காயம் வித்தவராம். அச்சாறு போட எண்டு உரிச்சால், வீடு முழுக்க உள்ளி மணக்குதாம். ராசன் அண்ணையைக் கேட்டன். மூலையிலை சாக்குக்குக் கீழை கிடந்ததாம். வித்துப்போட்டு, வெறும் பெட்டி எண்டு அதுக்குள்ளை சின்ன வெங்காயத்தைக் கொட்டி மூடி வைச்சவராம்."

என் கையில் இருந்ததைப் பார்த்தேன். வருடக்கணக்காகக் கிலோ கிலோவாக நிறுத்துக் கொடுத்த அதே சின்ன வெங்காயம். அதுவும் என்னைப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாதை வளைவில் மொனிக் வந்தார். பின்னால் சீருடையில் அதிகாரி. மொனிக் குனிந்து பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறம் மெதுவாக இறங்கிப் போனது. "குணம், இது என்ன?"

இவை என்னுடைய வெங்காயம் இல்லை, கடையில் மாறிப்போய்விட்டது என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் பிரெஞ்சு முழுவதும் என்னை விட்டு ஓடிவிட, வாயில் மிஞ்சியது இதுதான்: "செ பா மெஸ் ஓஞோன்!"

சொல்லுக்குச் சொல் அதன் பொருள் 'இவை என் வெங்காயம் இல்லை.' ஆனால் பிரெஞ்சுக்காரர் அதை எப்போது சொல்வார்கள் என்றால், 'அது என் வேலை இல்லை, எனக்கென்ன' என்று கைகழுவும்போது.

முதலில் அந்த ஆசிரியை அம்மா சிரிக்கத் தொடங்கினார். அடுத்தவர், அதற்கடுத்தவர். அதிகாரி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். மொனிக் மட்டும் சிரிக்கவில்லை.

"என் கிழங்குகள் எங்கே?"

"பொண்டியில், மதாம். அச்சாறு போடப் போகிறார்கள்."

"அச்சாறு என்றால்?"

"வினாகிரிக்குள் ஊறப் போடுவது."

அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் காரில் ஏறிக் கதவைச் சாத்துமுன்பே வண்டி நகர்ந்தது. பின்னால் நின்ற அதிகாரி, காட்டில் வெளிச் செடி எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லி, நான் நட்ட அத்தனையையும் தோண்டி எடுக்கச் சங்கத்தாரை ஏவினார். பொண்டிக்குப் போய்ச் சேருமுன்பே எனக்குக் குடியுரிமை இல்லை என்பதை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டேன். அதைவிட, பல வருடம் காத்திருந்த அந்த அம்மாவின் கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதம்தான் தாங்க முடியவில்லை.

தவமணி அக்கா கதவைத் திறந்தார். சமையலறையில் வெள்ளையாக, மெலிந்து நீண்ட கிழங்குகள் மேசை நிறையக் கிடந்தன. பக்கத்தில் வினாகிரிப் போத்தல், மூடி திறந்தபடி.

"ஊத்திப் போட்டியளே அக்கா?" என்று கத்தினேன்.

"இன்னும் இல்லை. உதென்ன கோலம்? சேத்துச் சப்பாத்தோடை வாறாய்! இந்த மனிசி ஆர்?"

மொனிக் மேசைக்கு முன்னால் நின்று கிழங்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம்தான் உரித்திருந்தது. அவர் கண் கலங்கியது கிழங்கின் காரத்தால் என்று தவமணி அக்கா நினைத்துக்கொண்டு, முந்தானையை நீட்டினார். நான் கதை முழுவதையும் சொன்னேன்.

"ஐயோ, பிள்ளை மாதிரி வளர்த்ததையே நான் உரிச்சுக்கொண்டிருந்தனான்?" என்று அக்கா தலையில் கை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் வித்தியாசம் தெரியாத உன்னை நம்பி இதைத் திருப்பித் தரமாட்டன். நானும் வாறன். ஆனா தேத்தண்ணி குடிக்காமல் ஒருத்தரும் போகேலாது."

குடித்தோம். மொனிக் சீனி போட்ட அந்தத் தேநீரை இரண்டு தரம் வாங்கினார். அதற்குப் பிறகுதான், "உன் வெங்காயம் இல்லையா, குணம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்க வெகுநேரமானது.

பின்னேரம் தவமணி அக்கா குளிர்க் கோட்டுக்குக் கீழே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டில் குனிந்து நட்டார். உரித்த கிழங்குகளை மொனிக் தன் கையாலேயே வேறாக ஒரு மரத்தடியில் நட்டார். தோண்டி எடுத்த மண் படிந்த வெங்காயத்தை அக்கா பையில் கட்டிக்கொண்டு போனார். அச்சாறு அதில்தான் போட்டார். நன்றாக இருந்தது என்கிறார்கள், எனக்குத் தரவில்லை.

வசந்தத்தில் பூத்தது. உரித்ததில்கூடச் சில முளைத்திருந்தன. நேர்முகத்தில் அதிகாரி, சங்கத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, பொய் சொல்லத் துணிவில்லாமல் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் அதிகாரி எழுந்து போய்ப் பக்கத்து அறையில் இருந்தவரைக் கூட்டிவந்து, "மறுபடி சொல்லுங்கள்" என்றார். குடியுரிமை கிடைத்தது.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் வசந்தி பந்தியில் இருந்தபடி தொடங்கிவிடுவாள்: "பிரெஞ்ச் பிரஜாவுரிமை எடுத்தவை கனபேர் இருக்கினம். காட்டிலை வெங்காயம் நட்டு எடுத்தவர் இவர் ஒருத்தர்தான்." என் மகளோ, பாத்திரம் கழுவச் சொன்னால் பிரெஞ்சில் என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள்.

நடவு வருடா வருடம் நடக்கிறது. கிழங்குகளை நடும்வரை வைத்திருப்பது தவமணி அக்காவின் வீட்டு நிலவறையில் உள்ள ஃப்ரிகோவில். அவர் அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். சாவி எங்கே இருக்கிறது என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லக் கூடாதாம்.