"அவசரப்பட்டு வாங்கிடாதீங்க!"

பொருள் வாங்குகிறவர், பொருள் விற்கிறவர் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இது பிழை. இருவருக்கும் நடுவே, கடை வாசலை மறித்துக்கொண்டு, மூன்றாவதாக ஓர் இனம் நிற்கிறது. அது வாங்காது, விற்காது. ஒப்பிடும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். கண்டியில் மாலை மழைக்குள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "என்னுடைய ஹெட்போன் ஒரு காதில் கேட்கவில்லை, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் வருகிறதா என்று பார்த்தால் சாதாரண மனிதர். மாறாக, முகத்தில் ஒரு வெளிச்சம் பரவி, குடையை மடக்கி, உங்கள் தோளில் ஈரக் கையை வைத்து, "அவசரப்பட்டு வாங்கிடாதீங்க" என்று சொன்னால், உங்கள் பஸ் போனது போனதுதான்.

அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எந்த ஹெட்போனில் பேஸ் இடிக்கும், எதில் பாடகரின் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வரும், எதன் பஞ்சு ஆறு மாதத்தில் கருகிய அப்பம் போல உதிரும் என்று மனப்பாடமாகச் சொல்வார். பவர் பேங்க் பற்றிக் கேட்டுவிட்டாலோ கதிரை போட்டு உட்கார வேண்டியதுதான். "பத்தாயிரம் மில்லி அம்பியர்னு வெளியில போட்டிருக்கும். நம்பாதீங்க. உள்ள இருக்கிறது வேற, உங்க போனுக்கு வந்து சேர்றது வேற. ஆறாயிரம் சேர்ந்தா நல்ல சாமான்." பிறகு அதைப் பப்பாசி வாங்குகிறவரைப் போல உள்ளங்கையில் தூக்கி எடை பார்ப்பார். காதோரம் ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது குலுங்கினால் உதட்டைப் பிதுக்குவார். குலுங்காவிட்டால் இன்னும் அதிகமாகப் பிதுக்குவார்.

சரி, இவ்வளவு தெரிந்தவரின் சொந்த ஹெட்போன் எப்படியிருக்கும்? ஒரு காதுக்குப் பஞ்சு இல்லை. நடுப்பட்டி முறிந்து கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. வயரைக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சத்தம் வரும். பிடித்தபடியே பேராதனை வரைக்கும் போவார். ஏன் புதிது வாங்கவில்லை என்று கேட்காதீர்கள். பெருநாள் விலைக்கழிவு வரட்டும் என்பார். அது வந்தால் தீபாவளிக் கழிவு. அதுவும் வந்தால் டொலர் இறங்கட்டும். டொலர் இறங்கினால், அடுத்த மாதம் புது மொடல் வருகிறதாம், பழையதன் விலை தானாக விழுமாம். அவருக்கு ஏற்ற ஹெட்போனை உலகம் இன்னும் தயாரிக்கவில்லை. உலகத்துக்கு அவர் அவகாசம் கொடுத்திருக்கிறார்.

இந்த இனத்தின் முழு லட்சணமும் பொருந்திய ஒருவர் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வசிக்கிறார். பெயர் நிரோஷன். ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று அவருடைய சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை.

அவருடைய அத்தை வடிவம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணித்தியாலம் கட்டிலில் படுத்து, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மகள் நிரஞ்சனி காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பாமசியில் மருந்து கொடுக்கும் வேலைக்கு ஓடுவாள். அதைப் பற்றி வடிவம்மா கவலைப்பட்டதில்லை. பக்கத்துக் கட்டிலில் அக்குறணை றமீலா இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே நேரம். வட்டிலப்பம் செய்யும் பக்குவத்தில் தொடங்கி, மருமகள்மாரில் ஏறி, தாதிமாரின் கொண்டையில் முடிக்கும்போது இயந்திரம் பீப் என்று கத்தும். "அதுக்குள்ளயா?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்பார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை றமீலாவின் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது. அதில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு யாரோ ஒரு பையன் தூங்கினான். அன்றுதான் வடிவம்மாவுக்கு அந்த இயந்திரம் சத்தம் போடுகிறது என்பதே தெரிந்தது. வீட்டுக்கு வந்து, "இனிமே நான் போகலடி" என்றாள்.

போகாவிட்டால் என்ன ஆகும் என்று நிரஞ்சனிக்குத் தெரியும். கெஞ்சினாள். கடைசியில் வடிவம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். காதில் மாட்டி றேடியோ கேட்க ஒரு ஹேண்ட்ஸ்ப்ரீ வேண்டும். அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் கூடையில் குவித்து விற்கிறார்களே, அது. நிரஞ்சனி அதை அன்றைக்கே வாங்கியிருப்பாள். வழியில் நிரோஷனைச் சந்தித்தது அவள் கெட்ட காலம்.

"என்னா வாங்கப் போற?"

"அம்மாவுக்கு ஒரு ஹேண்ட்ஸ்ப்ரீ, அத்தான்."

"அவசரப்பட்டு வாங்கிடாத! வயர் வச்சதா? ஆஸ்பத்திரியிலயா? கையில ஏற்கனவே ரெண்டு டியூப் இருக்கு, அதோட இதும் சிக்கினா என்னா செய்வ? வயர் இல்லாதது எடுப்போம்."

"அது இல்லத்தான், அம்மாவோட போன்..."

"போன் பிரச்சினையே இல்ல. எல்லாத்துக்கும் கனெக்ட் ஆகும். ஆனா ஒன்னு, வயர் இல்லாததுக்குச் சார்ஜ் போடணும். அப்ப பவர் பேங்கும் வேணும். நீ விடு, நான் பார்த்துச் சொல்றேன்."

அவர் பார்த்தார். கிழமைக்கணக்கில் பார்த்தார். வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் பெட்டி பிரிப்பதைப் பார்த்தார். திகனையில் ஒரு கடையையும் கண்டியில் ஒரு தெருவையும் முழுதாகப் பார்த்தார். நிரஞ்சனியின் தொலைபேசிக்கு நாள்தோறும் படங்கள் வந்தன. அவள் "அம்மாவோட போன்" என்று இன்னும் இரண்டு முறை ஆரம்பித்தாள். இரண்டு முறையும் மில்லி அம்பியர் குறுக்கே வந்தது. அத்தை எப்படியிருக்கிறாள் என்று பார்க்க மட்டும் அவர் போகவில்லை. கைவீசிக்கொண்டு எப்படிப் போவது? ஹெட்போன் முடிவாகட்டும், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டே பார்க்கலாம். இது அவருடைய நியாயம். குற்றம் சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்ப்பதைவிட நாற்பது ஹெட்போன்களைப் பார்ப்பது யாருக்கும் சுலபம்தான்.

வடிவம்மா இதற்கிடையில் இரண்டு வெள்ளிக்கிழமைகளை வயிற்றுவலி என்று சொல்லித் தவிர்த்துவிட்டாள். கால் வீங்கத் தொடங்கியது. நிரஞ்சனி நிரோஷனின் அலுவலக வாசலில் போய் நின்று அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு கண்டியில் ஒரு கடைக்குப் போனாள்.

கடை வைத்திருந்தவர் நஸீப் என்பவர். கண்டிக் கடை என்றால் சிங்களத்தில்தான் பேரம் பேச வேண்டும் என்பது நிரோஷனின் கொள்கை. "அந்திம கீயத, மல்லி?" என்று, தம்பி முறை சொல்லிக் கடைசி விலையைக் கேட்டு ஆரம்பித்தார். நஸீப்பும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். அரை மணித்தியாலம் சிங்களம் ஆறாக ஓடியது. நிரோஷன் ஹெட்போன் ஒவ்வொன்றையும் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். நடுநடுவே நிரஞ்சனியின் பக்கம் திரும்பி, இரகசியம் பேசுகிறவரின் முகத்தோடு, ஆனால் கடை முழுவதும் கேட்கும் தமிழில் வழிகாட்டினார்.

"மூஞ்சிய ஆசையா வச்சுக்காத. இவன் சுத்தக் கள்ளன். இன்னும் ஐந்நூறு இறங்குவான் பாரு. நாம போற மாதிரி நடந்தா பின்னால ஓடி வருவான்."

நஸீப் பெட்டிகளை அடுக்கியபடியே சொன்னார்: "ஓடி வர மாட்டேன் நானா. முழங்கால் சரியில்ல."

தமிழில் சொன்னார். நல்ல, சுத்தமான, அண்ணனை நானா என்று அழைக்கும் திகனைத் தமிழில்.

இரண்டு தமிழ் வாய்கள் அரை மணித்தியாலம் சிங்களத்தில் மல்லுக்கட்டும் அதிசயம் கண்டியில் தினம் நடப்பது. ஆனால் நிரோஷனின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நிரஞ்சனி சிரிப்பை அடக்கக் கடைக்கு வெளியே போய்விட்டாள்.

"நீங்க... தமிழா?"

"கள்ளன்டு சொல்லுறதுக்கு முந்திக் கேட்டிருக்கலாமே நானா" என்றார் நஸீப், கோபமில்லாமல். "இப்ப எந்தச் சாமான் போடட்டும்?"

அந்த நிலைமையில் எதையும் வாங்காமல் வெளியேற மனிதப் பிறவியால் முடியுமா? தன் வாழ்நாளில் முதல் தடவையாக, பேரம் பேசாமல், பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், நிரோஷன் ஒரு வயரில்லாத ஹெட்போனும் ஒரு பவர் பேங்கும் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை அவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விஷயம் தெரிந்தவர் கனெக்ட் பண்ணிக் கொடுக்க வேண்டும் அல்லவா? ஹெட்போன் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக வடிவம்மாவும் அன்று வயிற்றுவலி இல்லாமல் வந்து படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு பிளாஸ்டிக் கதிரை உண்டு. அதில் இதுவரை அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. நிரோஷன் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பெட்டியைப் பிரித்தார். புளூடூத் பற்றி ஒரு சிறிய முன்னுரை நிகழ்த்தினார்.

"இப்ப போனக் குடுங்க அத்தை."

வடிவம்மா ஊசி குத்தாத கையால் தலையணைக்கு அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

பட்டன் போன். எண்கள் அழிந்த, முதுகில் ரப்பர் பட்டி போட்ட, புளூடூத் என்ற சொல்லையே கேள்விப்படாத பட்டன் போன். அதில் றேடியோ உண்டு. ஆனால் வயர் உள்ள ஹேண்ட்ஸ்ப்ரீயைச் செருகினால்தான் பாடும். அந்த வயர்தான் அதற்கு அன்டெனா. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாளைக்குக் கிடக்கும். பவர் பேங்க் என்பதை அதற்குப் பக்கத்தில் வைப்பதே அவமரியாதை.

நிரோஷன் போனைப் பார்த்தார். ஹெட்போனைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒப்பிட்டவர் இந்த இரண்டையும் ஒப்பிட்டிருக்கவில்லை.

"என்னாடா, பாடலயா?" என்றாள் அத்தை.

இனி அவர் என்ன செய்வார்? தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போவாரா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து, ஏன் பாடாது என்று விளக்கத் தொடங்கினார். பாடாத காரணத்திலிருந்து பேட்டரிக்கு வந்து, பேட்டரியிலிருந்து டொலருக்குப் போய், டொலரிலிருந்து நஸீப்பின் கடைக்குத் திரும்பி, அவரைக் கள்ளன் என்று தான் சொன்னதையும் முழங்கால் சரியில்லை என்று அவர் சொன்னதையும், மனம் பொறுக்காமல், தானே சொல்லிவிட்டார்.

வடிவம்மா சிரித்தாள். கையை அசைக்கக் கூடாது என்பதால் வயிறு மட்டும் குலுங்கச் சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் போர்வை விலகி அந்தப் பையனின் முகம் தெரிந்தது. "அப்புறம் என்னா செஞ்சீங்க அண்ணே?" என்று அவன் கேட்டான்.

இயந்திரம் பீப் என்று கத்தியது.

"அதுக்குள்ளயா?" என்றாள் வடிவம்மா. சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் அந்தப் பையன் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தபடி இருந்தாள்.

அதன் பிறகு நிரோஷன் வயர் வைத்த ஹேண்ட்ஸ்ப்ரீகளை ஆராயத் தொடங்கியிருக்கிறார். மெல்லிய வயரா, தடித்த வயரா, அன்டெனாவுக்கு எது உகந்தது என்பது பெரிய விஷயமாம். அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கதிரையில் உட்கார்ந்து, அன்றுவரை கண்டறிந்ததை அத்தையிடம் அறிக்கையாகச் சமர்ப்பிக்கிறார். கூடவே அவளுடைய கால் வீக்கம் வடிகிறதா என்று குனிந்து பார்க்கிறார். பார்த்ததை ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறார்.

நிரஞ்சனிக்கு இந்த இழுபறி பொறுக்கவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில், பஸ் ஸ்டாண்டுக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இந்தாங்கம்மா. இனி அத்தானை நம்பிக்கிட்டு இருக்க வேணாம்."

வடிவம்மா அதை வாங்கி, பொலித்தீன் உறையைப் பிரிக்காமலே கைப்பையின் அடியில் திணித்து, சிப்பை இழுத்து மூடினாள்.

"அவன்கிட்ட சொல்லிடாதடி" என்றாள். "இது கிடைச்சிருச்சின்னு தெரிஞ்சா, அப்புறம் அவன் எதுக்கு வரப் போறான்?"

வாசகரே, இவ்வளவு நேரம் நிரோஷனைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஒரு சின்னச் சோதனை. நஸீப்பின் கடையில் வாங்கிய அந்த வயரில்லாத ஹெட்போன் என்ன மொடல், அந்தப் பவர் பேங்க் இப்போது யாரிடம் இருக்கிறது, இந்த விலைக்கு இதைவிட நல்லது வேறு இருந்திருக்குமே என்று வாசிக்கும்போது உங்கள் மனதின் ஒரு மூலையில் கேள்வி எழுந்ததா? எழுந்ததென்றால் மறைக்க வேண்டாம். நீங்களும் அந்த இனம்தான். உங்களுக்கும் எங்கோ ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கும்; அதில் யாருடைய கைப்பையோ உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும். வெறுங்கையோடு எப்படிப் போவது, இன்னும் இரண்டு மொடல் பார்த்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். கதிரை காத்திருக்கும். பக்கத்திலிருக்கும் கட்டிலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படலாம்.