டிவி வேண்டாம் என்றாள் நூர்ஜஹான்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனிடம் 'எனக்கு இன்னது வேண்டும்' என்று வாய்விட்டுக் கேட்கும் மனைவி எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அரபு நாட்டில்தான் இருப்பார். விடுப்பில் வரும் முன்பு, என்ன வாங்கி வர என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "ஒண்ணும் வேணாம் மச்சான், நீங்க நல்லபடியா வந்தாப் போதும்." (எங்கள் பக்கம் கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள்.) இதை நம்பி வெறுங்கையோடு வந்து இறங்கியவர்களின் கதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே எதை வேண்டாம் என்கிறார்களோ அதைத்தான் முதலில் வாங்க வேண்டும், அதுவும் கடையில் இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எங்கள் ஆண்களின் அனுபவ அறிவு. அந்த அறிவு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

அப்போது நான் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். ஒரு நாள் என் மனைவி நூர்ஜஹான் வீடியோ காலில், "வீட்ல இருந்த டிவிய எடுத்துக் குடுத்தாச்சு மச்சான். இனிமே டிவியே வேணாம்னு நானும் புள்ளைகளும் முடிவு பண்ணிட்டோம்" என்றாள். கேபிளைப் பற்றியும் ஏதோ சொன்னாள். அதற்குள் நான் கண் கலங்கிவிட்டதால் காதில் விழவில்லை. பழைய டிவி ரிப்பேராகியிருக்கும், செலவு வைக்கக் கூடாதென்று மறைக்கிறாள், எப்பேர்ப்பட்ட பெண் என்று உருகிப்போனேன். மறு வாரமே டிவிக் கடைக்குப் போனேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டிவி அவளுக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். அதற்கு முந்தைய விடுப்பில் வீட்டுக்குள் நுழைந்தபோது என் சின்ன மகள் ஆயிஷா என்னைப் பார்த்ததும் உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். பெரியவள் சுமையா விருந்தாளியிடம் பேசுவது போல, "வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். போனில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளைகள் நேரில் என்னைக் கண்டால் ஊமையாகிவிடுவார்கள். நானும் அப்படித்தான். அவர்கள் என்னிடம் ஒட்டுவதற்குள் விடுப்பு முடிந்து விமானம் ஏறிவிடுவேன். ஒரு பெரிய டிவி இருந்தால் பிள்ளைகள் என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள், பார்க்கப் பார்க்க மடியில் சாய்வார்கள் என்று கணக்குப் போட்டேன்.

கதவு அளவுக்கு ஒரு டிவி வாங்கினேன். விமானத்தில் எனக்குக் கொடுத்த எடை முழுவதையும் அதுவே தின்றுவிட்டது. செண்டு இல்லை, சாக்லேட் இல்லை, போர்வை இல்லை. வந்த மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து பெட்டி பிரிப்பது எங்கள் ஊர் வழக்கம். பெட்டியில் அவர்களுக்கு ஒன்றுமே இல்லையென்றால் என்ன செய்வது? என் அண்ணன் சாகுல் காக்காவுக்குப் போன் போட்டேன். "காக்கா, நான் வந்த மறுநாள் இந்தியா மேட்ச் இருக்கு. எல்லாரையும் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க. தியேட்டர் மாதிரி பாக்கலாம்" என்றேன். காக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் பள்ளிவாசல் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

மதுரை விமான நிலையத்துக்கு நூர்ஜஹானும் பிள்ளைகளும் வேன் எடுத்து வந்திருந்தார்கள். "படுக்கப் போட்டா ஸ்கிரீன் போயிரும்" என்று கடைக்காரர் எச்சரித்திருந்ததால் பெட்டியைப் பின் சீட்டின் நடுவில் நிமிர்த்தி வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மகள்கள். ஊர் வரை நான் அவர்கள் முகத்தையே பார்க்கவில்லை. பரமக்குடி தாண்டும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஆயிஷாவின் குரல் மட்டும் வந்தது.

"வாப்பா, நீங்க அங்கனதான் இருக்கீகளா?"

"இங்கனதான்மா இருக்கேன். பெட்டியப் புடிச்சுக்க, சாஞ்சுரப் போகுது" என்றேன். (அவ்வளவு நாள் பிரிந்திருந்துவிட்டு ஒரு தகப்பன் மகளிடம் பேசிய முதல் வசனம் இது.)

முன் சீட்டில் இருந்த நூர்ஜஹான் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மகிழ்ச்சியில் வாயடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ட்ரில் மெஷினை இரவல் வாங்கி வந்தேன். கூடத்துச் சுவரில் டிவி மாட்டத் தோதான இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பலகை அடித்திருந்தது. உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண் உயரம் இருக்கும். நடுவில் ஒரு பள்ளம். இது என்ன என்று கேட்டேன்.

"போன் வைக்கிறது வாப்பா" என்றாள் சுமையா.

"போன் வைக்க மேசை இல்லையா? செவுத்தக் கெடுத்து வச்சிருக்கீகளே!" என்று சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்பி எடுத்து, கொல்லைப்பக்கம் வீசினேன். பலகை தென்னை மரத்தடியில் போய் விழுந்தது. இரண்டு பிள்ளைகளும் அது போன திசையையே பார்த்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குத் துளை நேராக விழ வேண்டுமே என்பதுதான் கவலை.

மத்தியானத்துக்கு மேல் காக்கா தலைமையில் தெருவே திரண்டு வந்தது. நூர்ஜஹான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் பெரிய சட்டியில் பிரியாணி போட்டிருந்தாள். கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாமன் ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் பிஸ்மி சொல்லி ரிமோட்டை அமுக்கினேன். திரை பளீரென்று நீலமாக எரிந்தது. நடுவில் 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில் வந்தது.

"கலரு நல்லா இருக்கு" என்றார் மாமன்.

கேபிள்காரருக்குப் போன் போட்டேன். அவர் சாயல்குடியில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தார். "பாய், உங்க லைன வெட்டி எம்புட்டோ நாளாச்சு. அக்காதான வேணாம்னு சொன்னாக. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், தெரியும், சும்மா கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்து, காக்காவின் போனிலிருந்து டிவிக்கு இன்டர்நெட் கொடுத்துப் பார்த்தோம். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஊரே அந்த நேரத்தில் போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்களுக்கு வட்டம் மட்டும்தான் கிடைத்தது. எல்லோரும் அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்கள். எதிர் வீட்டிலிருந்து 'ஓ' என்று கூச்சல் கேட்கும். யாரோ அவுட் ஆகியிருப்பார்கள். யார் என்று தெரியாமல் நாங்களும் 'அடடா' என்போம்.

காக்காவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "ஏலே காதரு, மொட்ட மாடியில பழைய ஆன்டெனாக் கம்பி நிக்கிதுல? அந்தக் காலத்துல அதக் கெழக்க திருப்புனா சிலோன் டிவியே தெரியுமேடா. அவுக மேட்சப் போடாமயா இருப்பாக?"

அந்தக் கம்பி பல வருடங்களாகத் துணி உலர்த்தத்தான் பயன்பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறினேன். காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒயரைக் கீழே விட்டு, கம்பியைக் கடல் பக்கம் திருப்பினேன்.

"தெரியுதா?" என்று கத்தினேன்.

"இல்ல" என்றது கூட்டம்.

இன்னும் கொஞ்சம் திருப்பினேன். "இப்ப?"

"புள்ளி புள்ளியா வருது! ஒரு பொம்பள நிக்கிது! ஏதோ காய் நறுக்குது!" என்று காக்கா கத்தினார். சிங்களத்தில் சமையல் நிகழ்ச்சி போலிருக்கிறது. பிறகு அந்த அம்மாவும் மறைந்துவிட்டார். நான் விடவில்லை. ஒரு கையில் கம்பி, மறு கையில் என் மனைவியின் துப்பட்டா, வெயிலில் வியர்வை ஒழுகத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"தெரியுதா?"

பதில் இல்லை.

"தெரியுதாங்குறேன்ல?"

ஆயிஷா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். "எல்லாரும் எதிர் வீட்டுக்குப் போயிட்டாக வாப்பா. பிரியாணிய மட்டும் சாப்புட்டுட்டுப் போயிட்டாக."

பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டபடி வீட்டுக்குள் வந்தேன். கூடத்தில் இரண்டு மகள்களும் பாயில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். டிவி அணைந்து கிடந்தது. அவர்கள் டிவியைப் பார்க்கவும் இல்லை. பலகை இருந்த இடம் எதுவோ அங்கே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என்ன இங்கன உக்காந்திருக்காக?" என்று நூர்ஜஹானிடம் கேட்டேன்.

"இது நீங்க கூப்புடுற நேரம்ல மச்சான். பழக்கத்துல வந்து உக்காந்துருச்சுக" என்றாள்.

அப்புறம்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒருநாள் நான் கூப்பிட்டபோது டிவியில் ஏதோ ஓடியிருக்கிறது. பிள்ளைகள் கண்ணை அதில் வைத்துக்கொண்டே எனக்கு 'ம்' கொட்டியிருக்கிறார்கள். "நான் யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்? என் முகத்தப் பாக்க யாருமில்லயா அங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேனாம்.

"நீங்க வச்சப்புறம் சுமையா அழுதுட்டா. 'வாப்பா அழுதுச்சு உம்மா, நான் பாத்தேன்'னு சொன்னா. அன்னைக்கே ரெண்டும் சேந்து டிவிய வேணாம்னுருச்சுக. பொறவு ஆசாரியக் கூப்புட்டு, உங்க மொகம் நேரா தெரியணும்னு அந்தப் பலகைய அடிக்கச் சொன்னேன்."

எனக்கு அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. அங்கே அப்படிப்பட்ட நாட்கள் நிறைய இருந்தன. எதை என்று நினைவு வைப்பது? என் ஒரு வார்த்தைக்காக மூன்று பேர் டிவியை விட்டுவிட்டு ஒரு பலகையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அந்தப் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு டிவி மாட்டியிருக்கிறேன். நூர்ஜஹான் 'வேண்டாம்' என்று சொன்னது வேண்டாம் என்பதால்தான்.

பிள்ளைகளின் முன்னால் போய் உட்கார்ந்தேன். "ம், கேளுங்கம்மா" என்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். தினம் ஒரு மணி நேரம் பேசுகிற மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. ஆயிஷா மெதுவாக உம்மாவின் பக்கம் நகர ஆரம்பித்தாள். போன விடுப்பின் கதைதான் இந்த விடுப்பிலும் என்று மனது விட்டுப்போனது.

அப்போது சுமையா எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினாள். பலகையை எடுத்து வந்து மண்ணைத் தட்டி, டிவிக்கு முன்னால் ஒரு முக்காலியில் சாய்த்து வைத்தாள். அதன் பள்ளத்தில் உம்மாவின் போனை நிறுத்தினாள்.

"வாப்பா, நீங்க கொல்லைக்குப் போயி கூப்புடுங்க" என்றாள்.

போனேன். வேறு என்ன செய்ய? கிணற்றடியில் நின்றுகொண்டு என் வீட்டுக்கே வீடியோ கால் போட்டேன். போனில் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன.

"வாப்பா! அஸ்ஸலாமு அலைக்கும்! எங்க இருக்கீக?" என்று ஆயிஷா வழக்கம்போலக் கத்தினாள்.

"வ அலைக்கும் ஸலாம். கெணத்தடியில இருக்கேன்மா."

"சாப்பிட்டீகளா?"

"எங்க? எல்லாப் பிரியாணியவும் உங்க பெரிய வாப்பா கூட்டிட்டு வந்த கூட்டம் தின்னுருச்சு."

அவ்வளவுதான். இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். மாடியில் நான் கத்தியதை ஆயிஷா நடித்துக் காட்டினாள். சுமையா அந்த மாமனைப் போலக் கண்ணாடி துடைத்தாள். நான் பேசிக்கொண்டே ஒவ்வொரு அடியாக நடந்தேன். கிணற்றடி, தென்னை மரம், அடுப்படி, பிறகு கூடத்து நிலைப்படி. அவர்கள் போனைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சத்தமில்லாமல் பின்னால் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். போனின் மூலையில் தன் முகத்துக்குப் பின்னால் என் முகமும் தெரிவதைப் பார்த்த ஆயிஷா சட்டென்று திரும்பினாள். ஒளிந்துகொள்ளவில்லை. மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் கையில் இருந்த போனை வாங்கி அணைத்துவிட்டாள்.

டிவியை மறுநாளே காக்காவின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் டிவி இல்லை. தெருவில் யாராவது பெருமையடித்து விருந்துக்குக் கூப்பிட்டால், "காதர் வீட்டு மேட்ச் மாதிரி ஆயிரப் போகுதுப்பா" என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பிரியாணி நன்றாக இருந்ததாக எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஷார்ஜா வேலையை விட்டுவிட்டு நான் ஊரோடு வந்து சில வருடங்கள் ஆகின்றன. சுமையா கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். போன மாதம் காக்கா அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வந்தார். நல்ல இடம், நானும் தலையாட்டி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. எடுத்தால் சுமையாவின் முகம், பின்னால் எங்கள் கிணறு.

"வாப்பா, எனக்கு அந்த மாப்பிள்ளை வேணாம். நான் மேல படிக்கணும்."

"ஏம்மா, வீட்லதான இருக்கேன். உள்ள வந்து சொன்னா ஆகாதா?"

"நேர்ல சொன்னா நீங்க பேசாம எந்திரிச்சுப் போயிருவீக. போன்லதான் நீங்க நாஞ் சொல்றதக் கேப்பீக."

அடுப்படியில் நூர்ஜஹான் சிரிக்கும் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் வேண்டாம்தான் என்பதை நான் ஏற்கெனவே ஒரு டிவி விலை கொடுத்துக் கற்றிருந்தேன். "சரிம்மா, பெரிய வாப்பாட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

உடனே பேசிவிட்டேன். காக்காவின் வீடு நாலு வீடு தள்ளித்தான். ஆனாலும் கிணற்றடிக்குப் போய், போனில்தான் பேசினேன்.