திருப்பிப் போட்ட கேள்வி

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது. நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. என் மனைவிக்கு முழங்கால் மடங்காது. எதிர்க் கட்டடத்தில், அதே ஆறாவது மாடியில், அவள் தங்கை. அவளுக்கும் அதே குடும்ப முழங்கால்தான். ஆனால் அங்கே லிஃப்ட் ஓடுகிறது.

நடுவில் ஒரு தெரு. எங்கள் லிஃப்ட் நின்றதிலிருந்து இருவரும் பால்கனியில் நின்று கத்திப் பேசிக்கொள்கிறார்கள். மருமகள், மாத்திரை, வயிற்று உப்புசம், எல்லாம் தெருவுக்கே தெரியும்.

இந்நிலையில், மக்களின் நல்வாழ்வை அளந்தறிந்து மேம்படுத்தும் உயரிய நோக்கத்துடன் அரசு எங்களைத் தேடி வந்தது. அதாவது, ஓர் அதிகாரி வந்தார். ஆறு மாடி ஏறி, கேள்வி கேட்க வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"படி ஏறி இறங்குறீங்களா சார்?"

"வேற வழி?"

"ஆம்னு போட்டுக்கறேன். கையில சாமானோட?"

"அரிசி, காய்கறி, ஒரு தடவை மெத்தை."

"அருமை. அக்கம்பக்கத்துல பேசுவீங்களா?"

"மாடிக்கு மாடி உட்கார்ந்து மூச்சு வாங்கறேன். பேசாம என்ன பண்ண?"

"சொந்தக்காரங்களோட?"

பால்கனியைக் காட்டினேன். அங்கே வயிற்று உப்புசம் ஓடிக்கொண்டிருந்தது. 'மிகச் சிறப்பு' என்று எழுதினார்.

"லிஃப்ட் வேலை செய்யுதா?"

"இல்ல. பெருசா எழுதுங்க."

மனைவி திரும்பினாள். "சரி பண்ணிடுவாங்களா தம்பி? ஒரு எட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரணும்."

"அதுக்குத்தானேம்மா வந்திருக்கேன்."

அவள் தங்கையிடம் திரும்பிவிட்டாள். அவளுக்கான கேள்விகளை அவர் கேட்கவே இல்லை. "பரவால்ல, பார்த்துக்கலாம்" என்று இறங்கிவிட்டார்.

முடிவு வந்தது. ஊரிலேயே நல்வாழ்வில் முதலிடம் எங்கள் கட்டடத்துக்கு. கேடயம் வேறு. அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். தரைத்தளத்தில் இருக்கிறது.

"லிஃப்ட் என்னாச்சு?"

"தனித்தனிக் கேள்வியில ஒண்ணும் தெரியாது சார். ஒரே பக்கம் போற கேள்விகளைச் சேர்த்து ஒரு கட்டாக் கட்டுவோம். படி, சாமான், பேச்சு, சொந்தம், நாலும் சேர்ந்தே போகுது, ஒண்ணுக்கு ஆம்னா மத்ததுக்கும் ஆம். அந்தக் கட்டுக்குச் சுறுசுறுப்புக் குறியீடுன்னு பேர்."

"லிஃப்ட்?"

"அது மட்டும் எதிர்ப்பக்கம் போச்சு. லிஃப்ட் ஓடுற கட்டடத்துல யாரும் படி ஏறலை. யாரும் யாரோடயும் பேசலை."

"அதனால?"

"எதிர்ப்பக்கம் போற கேள்வியைத் திருப்பிப் போடணும். அதான் முறை. லிஃப்ட் ஓடலைன்னா ஒரு மார்க்."

"என் பொண்டாட்டி கீழ இறங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

கணினியைப் பார்த்தார். "தினமும் இறங்குறாங்களே."

"யார் சொன்னா?"

"அவங்க பதில் இல்லை. பதில் இல்லாத இடத்துல கட்டடத்தோட சராசரியைப் போட்டோம். நல்லா நடக்குறாங்க சார். உங்களைவிட."

கேடயம் வந்ததும் வீட்டு விலை ஏறியது. பழுது பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கட்டடச் சங்கம் கூட்டம் போட்டது. அதுவும் தரைத்தளத்தில்தான்.

செயலாளர் எழுந்தார். நேற்றுவரை லிஃப்ட்டைத் திட்டிக்கொண்டே படியேறியவர். "சரி பண்ணா மார்க் போகும். மார்க் போனா விலை போகும். லிஃப்ட் வேண்டாம்கிறவங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கையும் மேலே. நானும் தூக்கினேன், பேச அனுமதி கேட்டு. அதையும் எண்ணிவிட்டார்கள்.

"ஏகமனதாக நிறைவேறியது."

"கீழ வர முடியாதவங்க?"

"அவங்களுக்குச் சராசரி போட்டாச்சு சார். அதிகாரிதான் சொல்லிக் குடுத்தார்."

படியேறினேன். மாடிக்கு மாடி உட்கார்ந்தேன். மூன்றாம் மாடிக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் வீட்டுக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்று மூச்சிரைக்கச் சொன்னார்.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பால்கனிக்குப் போனாள். எதிரே தங்கை காத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்கயும் மார்க் வேணுமாம். லிஃப்ட்டை நிறுத்திட்டாங்க. நானும் கை தூக்கினேனாம்."

"நானுந்தாண்டி."