கல்யாணப் படத்துக்கு ஒரு வர்ணனை

சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று மேவிஸுக்குப் பயம். கடையில் ரொட்டி கேட்பதற்கே மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்பவள் அவள். அவளைப் போய் மைக் முன்னால் உட்கார வைக்கப் போகிறான் அவள் புருஷன் ஹெட்லி.

எல்லாம் அந்தப் பழைய நகைச்சுவைப் படங்களால் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஹெட்லி, யார்க்‌ஷயர் மழைக்கு வீட்டோடு கிடந்து, கறுப்பு வெள்ளைப் படங்களாக வாங்கிக் குவித்தான். வாங்கியவன் படத்தைப் பார்த்தாலாவது பரவாயில்லை. அந்த டிஸ்க்குகளில் இன்னொரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் வசனம் அடங்கிவிடும். படத்தில் நடித்தவர்கள் வயதான பிறகு ஒன்றாக உட்கார்ந்து, அதே படத்தைப் பார்த்துக்கொண்டே பழங்கதை பேசுவார்கள். கிரிக்கெட் வர்ணனை மாதிரி. ஹெட்லிக்கு அதுதான் அமுதம்.

"இப்பப் பாரு, பாதிரியாரோட ஒட்டு மீசை கழண்டு வரும்!"

"அவர் என்னதான் சொல்றாரு ஹெட்லி?"

"அது எதுக்கு உனக்கு? மீசையப் பாரு."

இப்படியே வருஷக்கணக்கில் மேவிஸ் ஒரு படத்தின் வசனத்தைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. ஆனாலும் ஓர் இடம் அவளுக்குப் பிடிக்கும். கலகலவென்று பேசிக்கொண்டிருக்கும் ஒரு கிழ நடிகை, இறந்துபோன தன் ஜோடி திரையில் வந்ததும் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவாள். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு அவனுக்குக் கடுமையான ஜலதோஷம்" என்பாள். அப்போது மேவிஸின் பின்னல் ஊசி தானாக நிற்கும். கூட இருந்தவர்களுக்குத்தானே அதெல்லாம் தெரியும்.

நாற்பதாவது கல்யாண நாள் நெருங்கியபோது ஹெட்லி தீர்மானத்தை அறிவித்தான். அவன் மாமா எடுத்த கல்யாணப் படம் ஒன்று இருந்தது. சத்தமில்லாத படம். அதை விருந்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். கூடவே வர்ணனையும்.

"நடிச்சவங்க நாம ரெண்டு பேர்தானே கண்ணு? நாமளே பேசிப் பதிவு பண்ணிடலாம்."

மேவிஸ் பின்னலைக் கீழே வைத்தாள். அந்தப் படத்தில் அவள் தேவாலய வாசலிலிருந்து கார் வரை ஹெட்லியின் முதுகோடு ஒட்டிக்கொண்டே நடப்பாள். அதை வைத்து அவன் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஜோக்கை ஓட்டிக்கொண்டிருந்தான். "பாத்தீங்களா, நான் ஓடிப்போயிடுவேன்னு அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டா!" ஊர் சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள். இது டிஸ்க்கில் ஏறிவிட்டால், அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அட்டைதான்.

சனிக்கிழமை மத்தியானம் ஹெட்லி தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பதிவுக் கருவியை அவள் நாற்காலிப் பக்கம் வைத்தான்.

"நான் படத்த ஓட்டறேன். நீ அந்தச் சிவப்புப் பொத்தான அமுக்கு. மத்தத நான் பாத்துக்கறேன்."

படம் ஓடியது. தேவாலய வாசல் வந்தது. ஹெட்லி ஆரம்பித்தான்.

"இதோ வருது பாருங்க, அட்டை..."

"நிறுத்து ஹெட்லி."

"என்ன?"

"பின்னால ஓட்டு. என்னப் பாக்காதே. உன்னப் பாரு. கார்ல ஏறக் குனியறே பாரு, அங்க."

பாதிரியாரின் மீசையில் பசை தெரிவதைக் கண்டுபிடித்தவன், முதல் தடவையாகத் தன் பின்பக்கத்தைப் பார்த்தான். அங்கே மேவிஸ் பூங்கொத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். பூக்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. அது பூ இல்லை.

"மேவிஸ்... அது என் உள்..."

"வாடகை சூட்டு. நீ மண்டி போட்டு எந்திரிச்சப்பவே பின்னால டர்ருனு கிழிஞ்சிடுச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா திரும்பிப் பாத்திருப்பே. ஊரே பாத்திருக்கும்."

"அப்புறம் கழட்டும்போதுகூட எனக்குத் தெரியலியே!"

"அப்ப நீ எங்க சூட்டப் பாத்தே?"

ஹெட்லி டீயைக் குடித்தான். டீ ஆறிப்போயிருந்தது. திடீரென்று அவன் பதிவுக் கருவியைப் பார்த்தான்.

"இதெல்லாம் பதிவாயிடுச்சா? அழிச்சிடு கண்ணு."

"எதுக்கு? பக்கத்து வீட்டு பெரில் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா." மேவிஸ் கருவியை எடுத்துப் பின்னல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"அந்த ஒட்டு மீசைப் பாதிரியார் என்ன சொல்றாருன்னு கேக்கணும்."

விருந்தில் கல்யாணப் படம் சத்தமில்லாமல் ஓடியது. "எங்கேப்பா வர்ணனை? அந்த அட்டை ஜோக்காவது சொல்லேன்" என்றாள் பெரில்.

"சில படத்துக்குப் பேச்சு வேண்டாம் பெரில்" என்றான் ஹெட்லி.

பூங்கொத்து வந்த இடத்தில் ஹெட்லி அந்த நடிகையைப் போலவே மௌனமாக இருந்தான். பிறகு மேவிஸ் பக்கம் சாய்ந்தான். "அன்னிக்கு நல்ல குளிரு, இல்ல?"

"உனக்குக் கொஞ்சம் கூடவே இருந்திருக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய படம் வர்ணனை இல்லாமல் ஓடியது; பாதிரியார் தன் சொந்த வாயால் பேசினார். மேவிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மீசை கழன்ற இடத்தில் ஹெட்லியின் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டான்.

"அந்தப் பதிவ எங்க வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டான்.

"யார் கைக்கும் போகாது."

அது பொய்யில்லை. எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், அன்றைக்கு அவள் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தவே இல்லை.